எஸ்கேப் ரூமில் ஓர் எண் மட்டும் கிடைக்கவில்லையா?

எஸ்கேப் ரூமில், அதாவது அறைக்குள் இருந்து புதிர்களை விடுவித்து வெளியேறும் ஆட்டத்தில், நான்கு இலக்கப் பூட்டுக்கு மூன்று எண்கள் கிடைத்து, எந்த எண் எந்த இடத்தில் என்பதும் தெரிந்துவிட்டால், நான்காவதைத் தேடி அலையாதீர்கள். அந்த ஒரு சக்கரத்தை மட்டும் 0 முதல் 9 வரை சுழற்றுங்கள். கொக்கியை லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டே சுற்றினால், சரியான எண் வந்ததும் பூட்டு தானே விட்டுக்கொடுக்கும். முரட்டுத்தனமாக இழுத்து உடைத்தால் காசு நீங்கள்தான் கட்ட வேண்டும்.

நான்கு இலக்கப் பூட்டில் மொத்தம் 10,000 சேர்க்கைகள். மூன்று தெரிந்துவிட்டால் மிச்சம் 10தான், அரை நிமிட வேலை. நான்கு எண்களும் தெரிந்து வரிசை மட்டும் குழப்பினாலும் அதிகபட்சம் 24 முறைதான். ஒருவர் தாளில் எழுதி அடித்துக்கொண்டே வர, இன்னொருவர் சுற்றட்டும். கோலாலம்பூரில் நண்பர்களோடு விடிய விடிய ஒவ்வோர் அறையாக ஆடுபவர்களுக்கு இது ரொம்பவே உதவும். இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கண்ணோடு அலமாரியைக் குடைவதைவிட விரலுக்கு வேலை கொடுப்பது மேல். சீக்கிரம் முடித்தால் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவகம்) தே தாரிக் என்ற நுரை டீயும் ரொட்டி சானாய் என்ற பரோட்டாவும் காத்திருக்கும்!

இரண்டு எண்கள் தெரியாவிட்டால் 100 முறை சுற்ற வேண்டும். ஒரு மணி நேர ஆட்டத்தில் அதற்குக் குறிப்பைத் தேடுவதே நல்லது. தவறாக அழுத்தினால் சற்று நேரம் முடங்கிவிடும் மின்னணுப் பூட்டில் இந்த வேலை பலிக்காது. ஊகித்துத் திறக்கக்கூடாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும் இடங்களிலும் வேண்டாம்.