மெகாபிட்டா, மெகாபைட்டா? வீடியோவை அனுப்பும் முன் போட வேண்டிய கணக்கு

"100 எம்பி நெட் போட்டிருக்கோம், டவுன்லோடு 12-க்கு மேல ஏற மாட்டேங்குது." மதுரையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்களில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. பெரும்பாலும் லைனில் கோளாறே இருக்காது. நெட் கம்பெனி சொல்வது நொடிக்கு 100 மெகாபிட். கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட், ஆகவே 100-ஐ 8-ஆல் வகுங்கள்: 12.5. டேட்டாவோடு போகும் முகவரி விவரங்களுக்கும் கொஞ்சம் கழியும் என்பதால் 11.5 வந்தாலே லைன் முழுசாக வருகிறது. எழுத்தில் பிட்டுக்கு ஆங்கிலச் சின்ன 'பி', பைட்டுக்குப் பெரிய 'பி' போடுவார்கள். பேச்சில் இரண்டுமே 'எம்பி' ஆகிவிடுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

இதை வைத்து ஒரு நிஜக் கணக்கு. 4கே கேமராவில் நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் நொடிக்கு 12.5 மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. முகூர்த்தமும் வரவேற்பும் சேர்த்து 3 மணி நேரம் ஓடினால் 135 ஜிபி. இதை 100 மெகாபிட் அப்லோடு உள்ள லைனில் பக்கத்து ஊரான மேலூரில் இருக்கும் எடிட்டருக்கு அனுப்பினால், ஏட்டுக்கணக்கிலேயே 3 மணி நேரம் ஆகும். அதே ஃபைல்களை நொடிக்கு 100 மெகாபைட் எழுதும் யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற சுமார் 23 நிமிடம். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மேலூர் பஸ் ஏறும் ஆள் கையில் கொடுத்துவிடுவதே வேகம். கிண்டலுக்குச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் வருகிறது.

அனுப்பியே ஆக வேண்டும் என்றால் முதலில் அப்லோடு வேகத்தைப் பாருங்கள். சில பிளான்களில் டவுன்லோடு 100 இருக்கும், அப்லோடு அதில் பாதிகூட இருக்காது. அளக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு ரூட்டரிலிருந்து கேபிள் போட்டு அளக்க வேண்டும்.

300 மெகாபிட் பிளானுக்குப் பணம் கட்டியும் எந்த நேரத்தில் அளந்தாலும் 94-ஐத் தாண்டவில்லையா? அந்த எண்ணே நோயைச் சொல்லிவிடும். 100 மெகாபிட் இணைப்பில் கழிவு போகக் கிடைப்பது அதுதான். லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள் இருக்கின்றன. 100 மெகாபிட்டுக்கு 4 போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். கிரிம்பிங் (முனையில் பிளக் பொருத்துவது) சரியில்லாமலோ எலி கடித்தோ மற்ற நாலில் ஒன்று விட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும், நெட் மட்டும் வேலை செய்துகொண்டே இருக்கும். விண்டோஸில் செட்டிங்ஸ் போய், ஈதர்நெட்டுக்குள் லிங்க் ஸ்பீடு பாருங்கள். 1000/1000 இருக்க வேண்டிய இடத்தில் 100/100 இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் ரூட்டரின் போர்ட்டே 100-க்கு உரியதாக இருக்கலாம்.

அடுத்து கொள்ளளவு. 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று தெரியும். கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம், டிஸ்க் முழுசாகத்தான் இருக்கிறது. தயாரிப்பாளர் 1 ஜிபிக்கு 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட்டை 1 ஜிபி என்கிறது. இந்த இரண்டாவது அளவுக்கு 1998-லேயே கிபிபைட் (GiB) எனத் தனிப்பெயர் வைத்தாயிற்று, விண்டோஸ்தான் கண்டுகொள்ளவில்லை. அட்டையில் போட்ட ஜிபியை 0.93-ஆல் பெருக்கினால் விண்டோஸ் காட்டப்போகும் எண் கிடைக்கும். 64 ஜிபி பென்டிரைவில் 59.6-தான். 62 என்று விண்டோஸ் காட்டும் ஃபோல்டர் அதில் ஏறாது.

இடம் இருந்தும் 'ஃபைல் பெரிதாக இருக்கிறது' என்று மறுத்தால், பென்டிரைவ் ஃபேட்32 என்ற, ஃபைல்களை அடுக்கும் பழைய முறையில் இருக்கிறது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக்கூடாது. இந்த வரம்பு தடுக்காத எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். வாடிக்கையாளர் வீட்டுப் பழைய டிவி எக்ஸ்ஃபேட்டைப் படிக்காமல் போகலாம். ஆகவே கேட்டுக்கொண்டு, தேவைப்பட்டால் படத்தையே 4 ஜிபிக்குள் துண்டுகளாக எக்ஸ்போர்ட் செய்து கொடுப்பது நல்லது.

பென்டிரைவ் அட்டையில் பெரிதாகப் போடுவது படிக்கும் வேகம். எழுதும் வேகத்தை அநேகமாகப் போடுவதே இல்லை. காப்பி தொடங்கும்போது நொடிக்கு 100 மெகாபைட் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் 10-க்கு விழுவதற்குக் காரணம், முதலில் வந்த டேட்டா தற்காலிக நினைவகத்தில் உட்கார்ந்ததுதான். பிறகு தெரிவதே உண்மையான வேகம். 50 ஜிபியை 10-ல் எழுத 83 நிமிடம். யூஎஸ்பி 2 போர்ட்டில் செருகினால் எவ்வளவு நல்ல டிஸ்க்கும் நொடிக்கு 30, 40 மெகாபைட்டோடு நின்றுவிடும். உள்ளே நீல நாக்கு உள்ள போர்ட் பெரும்பாலும் யூஎஸ்பி 3.

கேமரா கார்டுக்கு ஒரே ஒரு குறிப்பு. கிளாஸ் 10 உறுதி தருவது நொடிக்கு 10 மெகாபைட், மேலே சொன்ன பதிவுக்கோ 12.5 வேண்டும். பாதியில் பதிவு நின்றால் தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது. 30 மெகாபைட் உறுதி தரும் வி30 கார்டு வாங்குங்கள்.

மண்டபத்தில் மொபைல் டேட்டா தீர்ந்து வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கினால் நொடிக்கு 8 கிலோபைட்தான். 5 மெகாபைட் போட்டோ போக 10 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் தமிழில் டைப் செய்தது உடனே போகும்: 'மதுரை' என்ற சொல் வெறும் 15 பைட்.