பூஞ்சை நோய்: செடியின் காவலை நாமே குலைக்கும் தவறுகள்

இலையில் புள்ளி தெரிந்தவுடன் தெளிப்பானைத் தூக்குவதுதான் முதல் தவறு. கடுகளவே இருந்து, காய்ந்து, அதற்குமேல் பரவாமல் நின்ற புள்ளி செடி ஜெயித்த இடமாகக்கூட இருக்கலாம். துரு நோய்ப் பூஞ்சையும் சாம்பல் நோய்ப் பூஞ்சையும் உயிருள்ள செல்லில் மட்டுமே பிழைக்கும். அவை நுழைந்ததும் அந்த இடத்துச் செல்களைச் செடியே சாகடித்து, பூஞ்சையைப் பட்டினி போட்டுவிடும். ஐந்தாறு இலைகளில் புள்ளியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு மூன்று நாள் பாருங்கள். வட்டத்தைத் தாண்டினால்தான் மருந்துக்கு வேலை.

இதே உத்தி சாம்பல் நிற அழுகலை உண்டாக்கும் போட்ரைட்டிஸிடம் பலிக்காது. செத்த திசுதான் அதற்குத் தீனி. இதை மறந்துவிட்டு எல்லா நோய்க்கும் ஆஸ்பிரின் கரைசல் தெளிப்பவர்கள் உண்டு. உயிருள்ள செல்லை உண்ணும் பூஞ்சைகளை எதிர்க்கச் செடி சாலிசிலிக் அமிலப் பாதையைப் பயன்படுத்துகிறது; ஆஸ்பிரின் தூண்டுவது இதைத்தான். அழுகல் பூஞ்சைகளுக்கும் இலை தின்னும் புழுக்களுக்கும் ஜாஸ்மோனிக் அமிலப் பாதை. ஒன்றைத் தூண்டினால் பெரும்பாலும் மற்றது அடங்கும். கரைசல் கொஞ்சம் கூடிவிட்டால் இலையும் கருகும்.

அதிகம் சேதம் செய்வது யூரியாதான். நெல் குலை நோயை எடுத்துக்கொள்வோம். பூஞ்சையின் நுண்ணிய வித்து இலையில் ஒட்டி, முளைத்து, நுனியில் கருநிறச் சுவருள்ள குமிழ் ஒன்றை உருவாக்குகிறது. அதனுள் அழுத்தம் 80 வளிமண்டலம் வரை ஏறும். கார் டயரில் இருப்பதைப் போல 30 மடங்குக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு நுண்ணிய முளை இலைத்தோலைக் குத்தி இறங்குகிறது. பூஞ்சைச் சுவரிலிருந்து உதிரும் கைட்டின் துணுக்குகளை வைத்து ஆபத்தை உணரும் செடி, குத்தும் இடத்துக்கு நேர் உள்ளே கேலோஸ் என்னும் பொருளைக் குவித்து அடைக்கிறது. இலைத்தோலுக்கு அடியில் சிலிக்கா நன்றாகப் படிந்திருந்தால் துளைப்பதே கடினம். யூரியாவின் தழைச்சத்து மிஞ்சினால் இலை தளதளவென்று வளரும். சிலிக்காவின் விகிதம் குறையும், சாற்றில் பூஞ்சைக்குத் தீனி பெருகும். யூரியாவை மூன்று நான்கு தவணையாகப் பிரித்துக் கொடுங்கள். நோய் பரவும்போது அடுத்த தவணையைத் தள்ளிப்போடுங்கள்.

மாலையில் இலை நனைய நீர் ஊற்றுவதும் வேண்டாம். பெரும்பாலான வித்துகள் முளைக்க இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். சாம்பல் நோய் மட்டும் விதிவிலக்கு. காய்ந்த இலையிலேயே அது முளைக்கும், எனவே அங்கே இடைவெளியும் வெளிச்சமும்தான் முக்கியம்.

அடிச்சாம்பல் நோய் வேறு, சாம்பல் நோய் வேறு; அடிச்சாம்பலுக்குக் கார்பென்டசிம் என்னும் பூஞ்சைக்கொல்லி தெளிப்பது வீண் செலவு. அந்தக் கிருமி உண்மையான பூஞ்சையே அல்ல. அதற்கு மெட்டலாக்சில் வகை மருந்து வேண்டும். மான்கோசெப் மருந்தும் கேட்கும், ஆனால் நோய் வருமுன் தெளித்தால்தான். இலைக்குள் இறங்கிவிட்ட கிருமியை அது தொடாது.

கிலோ விதைக்கு 4 கிராம், நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது நல்ல பழக்கம். அதுவும் ஒரு பூஞ்சைதான் என்பதை மறந்து, அதே விதையில் கார்பென்டசிமும் கலந்தால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும், அது டிரைக்கோடெர்மா அல்ல.