மணிக்கணக்கா ஓடுற போட்டிக்கு என்ன கார், என்ன எஞ்சின்?

கராஜுக்கு வாற பெடியள் கேக்கிறது, "அண்ணை, எந்த எஞ்சின் போட்டால் பறக்கும்?" எண்டுதான். நாள் முழுக்க ஓடுற போட்டிக்கு அது பிறகு கேக்கவேண்டிய கேள்வி. பின்னேரம் வரைக்கும் கொதிக்காமல் எது ஓடும், உடைஞ்சால் யாழ்ப்பாணத்திலேயே சாமான் எடுக்கலாமோ எண்டதை முதல் பாருங்கோ.

அமெரிக்காவில 2006 இல தொடங்கின, மலிவான பழைய காருகளை மணிக்கணக்கா ஓட்டுற 'லெமன்ஸ்' போட்டியில காரின்ர விலை 500 டொலருக்குள்ள இருக்கவேணும். பிறேக், ரயர், கார் உருண்டால் ஓட்டுறவரைக் காக்க உள்ள ஒட்டுற இரும்புக் கூடு, சீற், பெல்ட் எதுவும் அந்தக் கணக்கில சேராது. எங்கட கார் விலையள் வேற. ஆனாலும் அந்தப் பிரிப்பு சரியானது. காரிலயும் எஞ்சினிலயும் மிச்சம் பிடியுங்கோ, உயிரைக் காக்கிற சாமானில பிடிக்காதேங்கோ.

என்ர தெரிவு பழைய ரொயோட்டா கொறோலா கேஈ70, இல்லாட்டி அதே குடும்பத்து டிஎக்ஸ் வாகன். பாரம் குறைவு, பின்சில்லு இழுவை, எந்த மெக்கானிக்குக்கும் பழகின கார். மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ40 ஐயும் இதுக்கு வெட்டாதேங்கோ. அதுகள் எங்கட ஊரின்ர சொத்து.

வாங்கேக்க பெயின்ற்றைப் பாக்காதேங்கோ, கறளைப் பாருங்கோ. காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் நிண்ட கார் உப்புக்காத்தில ஊறியிருக்கும். காப்பெற்றைத் தூக்கி, தரைத் தகட்டையும் பின் ஸ்பிறிங் கொழுவுற இடத்தையும் ஸ்குறூட்றைவரால குத்துங்கோ. உள்ள இறங்கினால் அந்தக் காரை விட்டிடுங்கோ. இரும்புக் கூட்டை ஒட்ட நல்ல தகடு வேணும்.

இந்தக் காரில பெரும்பாலும் இருக்கிறது 4கே எண்ட எஞ்சின், 1290 சிசி. அதுக்குப் பதிலா 5கே போடுங்கோ, 1486 சிசி. ரெண்டுக்கும் ஸ்ட்றோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கிற தூரம், ஒண்டுதான், 73 மில்லிமீற்றர். போர், அதாவது சிலிண்டரின்ர அகலம், மட்டும் 75 இல இருந்து 80.5 ஆகுது. ரெண்டும் ஒரே 'கே' குடும்பம், அதால பழைய கியர்பொக்ஸோடயே பூட்டலாம். லைட்ஏஸ் வானில கழட்டின 5கே எண்டால் உங்கட 4கேயின்ர சம்ப் (எஞ்சினுக்கு அடியில ஒயில் நிக்கிற தட்டு), ஒயில் உறிஞ்சுற குழாய், மனிபோல்ட் மூண்டையும் அதுக்கு மாத்தவேணும். பழைய எஞ்சினை இரும்புக்குப் போட்டிடாதேங்கோ. ரொயோட்டாவின்ர வேகமான 4ஏ-ஜீஈ எஞ்சினில ஆசை எல்லாருக்கும் இருக்கு, எனக்கும் அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் கியர்பொக்ஸ், பெற்றோல் பம்ப், வயரிங், கம்பியூட்டர் எண்டு காசு கரைஞ்சு, கடைசியில பிறேக்குக்கு ஒண்டும் மிஞ்சாது.

எஞ்சினை விட எனக்குப் பயம் றேடியேட்டர்தான். எங்கட மண் சுண்ணாம்புக்கல். கிணத்துத் தண்ணியை ஊத்தி ஊத்தி, குழாயளுக்குள்ள வெள்ளைப் படை கல்லா இறுகியிருக்கும். எஞ்சினை நல்லாச் சூடாக்கி நிப்பாட்டிப்போட்டு, புறங்கையை றேடியேட்டர் முகத்தில மேலயிருந்து கீழ மெல்லக் கொண்டு போங்கோ. ஒரு இடம் மட்டும் குளிர்ந்து கிடந்தால் அங்க தண்ணி ஓடேல்லை. றோட்டில இது தெரியாது, நீண்ட ஓட்டத்தில எஞ்சினின்ர மேல்பாகமான ஹெட் வளைஞ்ச பிறகுதான் தெரியும். றேடியேட்டரின்ர உள் குழாய்த் தொகுதியை (கோர்) மாத்தி, வடிச்ச தண்ணியும் கூலன்றும் விடுங்கோ.

அடுத்தது ஒயில். சண்டைக் காலத்தில மண்ணெண்ணெயில கார் ஓட்டேக்க அப்பா ஒவ்வொரு நாளும் ஒயில் கம்பியை இழுத்து மணந்து பாப்பார். எரியாத மண்ணெண்ணெய் சம்புக்குள்ள இறங்கினால் ஒயில் தண்ணியாகி பெயாறிங் போயிடும். காபரேட்டருக்குள்ள பெற்றோல் மட்டத்தைக் கட்டுப்படுத்துற மிதவை இறுகி நிண்டால் பெற்றோலும் அதையே செய்யும். ஒவ்வொரு நிப்பாட்டலிலயும் மணந்து பாருங்கோ. நீளமான வளைவுகளில ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கும், அதால சம்புக்குள்ள ஒரு தடுப்புத் தகடும் ஒட்டுங்கோ.

பிறேக் ஒயில் புதுசா 'டொட் 4' தரத்தில, சில்லுப் பெயாறிங் நாலும் புதுசு. இதில பேரம் பேசாதேங்கோ.

காரை றோட்டில ஓட்டிக்கொண்டு போறதெண்டால், எஞ்சின் மாத்த முதலே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில அனுமதி எடுத்து, புது எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில ஏத்துங்கோ. 5கே வாங்கிற இடத்தில அதின்ர பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்க மறக்காதேங்கோ.