நடுராத்திரிச் சத்தம்: பத்துக் கன்னிகைகள் உவமையை வாசிக்கும் முறை

கிறிஸ்துவின் இரண்டாம் வருகையைப் பற்றிப் பேசும்போது நடுராத்திரி என்ற சொல் தவறாமல் வந்துவிடும். வேதபாட வகுப்பு எடுப்பவரோ டிசம்பர் 31 இரவு ஆராதனையில் செய்தி கொடுப்பவரோ, அந்தச் சொல்லின் பொருளை முதலில் தனக்குள் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு எடுக்க வேண்டிய பகுதி மத்தேயு 25-ஆம் அதிகாரத்தின் முதல் 13 வசனங்கள், பத்துக் கன்னிகைகள் உவமை. மணவாளனை எதிர்கொள்ளத் தீவட்டிகளோடு போன பத்துப் பேரில் புத்தியுள்ள ஐவர் பாத்திரத்தில் எண்ணெயும் எடுத்துப்போனார்கள், மற்ற ஐவர் எடுக்கவில்லை. நடுராத்திரியில் மணவாளன் வருகிறார் என்ற சத்தம் எழுந்தது. பலர் நேராக வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைப் புரட்டுவார்கள். அந்தப் புத்தகத்தில் நடுராத்திரி என்ற சொல்லே இல்லை. அதன் கடைசி அதிகாரம் இரவே இல்லாத நகரத்தைத்தான் காட்டுகிறது.

வாசிக்கத் தொடங்குமுன் கடிகாரத்தை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நமக்கு நடுராத்திரி என்றால் 12 மணி, தேதி மாறும் கணம். யூதர்களுக்கோ நாள் சாயங்காலத்தில் தொடங்கியது. ஆகவே நடுராத்திரியில் எதுவும் முடியவுமில்லை, எதுவும் பிறக்கவுமில்லை. இரவை அவர்கள் ஜாமங்களாகப் பிரித்தார்கள். இஸ்ரவேலின் தலைவன் கிதியோன் மீதியானியரின் பாளயத்தின்மேல் பாய்ந்த வேளையை நியாயாதிபதிகள் 7:19 ‘நடுஜாமத்தின் துவக்கம்’ என்கிறது. அது மூன்று ஜாமக் கணக்கு. ரோமர் காலத்தில் அது நான்காயிற்று. மாற்கு 13:35-இல் சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை என்று நான்கும் வரிசையாக நிற்கின்றன. அந்த வசனத்தை ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள்: வீட்டெஜமான் எப்பொழுது வருவான் என்று தெரியாது என்பதைச் சொல்ல வந்த இடத்தில், நடுராத்திரி நான்கில் ஒன்றுதான், தனிச்சிறப்பு எதுவும் அதற்குக் கொடுக்கப்படவில்லை.

அடுத்து உவமைக்கு வாருங்கள். 6-ஆம் வசனத்தின் சத்தத்திலிருந்து தொடங்குவது வழக்கமான தவறு. 5-ஆம் வசனத்தில் தொடங்க வேண்டும். ‘மணவாளன் வரத் தாமதித்தபோது’ என்பதே கதையின் அச்சு. நடுராத்திரி இங்கே தாமதத்தின் அளவு. கலியாண வீட்டார் காத்திருந்து சலித்து, இனி வரமாட்டார் என்று கண்ணயரும் வேளை அது. பத்துப் பேரும் தூங்கினார்கள் என்பதையும் கவனியுங்கள். புத்தியுள்ள ஐவரும் தூங்கினார்கள். தூக்கத்தையே குற்றமாக்கிப் பிரசங்கிப்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன், ஆனால் வசனம் அதற்கு இடம் தரவில்லை. வேறுபாடு பாத்திரத்தில் இருந்த எண்ணெயில்தான். தீவட்டி சீக்கிரம் குடித்துத் தீர்ப்பது எண்ணெயை. நேரம் நீண்டபோதுதான் யார் கையில் மிச்சம் இருந்தது என்று தெரிந்தது.

இந்தப் படம் பிடிபட்ட பிறகு மற்ற நடுராத்திரிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதன்மையானது யாத்திராகமம் 12:29: எகிப்தின் தலைப்பிள்ளைகள் சங்கரிக்கப்பட்டதும் இஸ்ரவேலர் விடுதலையானதும் ஒரே இரவில். நியாயத்தீர்ப்பும் மீட்பும் ஒரே வேளையில் வரும் என்ற எண்ணத்துக்கு வேர் இதுவே. கிறிஸ்துவும் எகிப்தின் இரவைப்போல நடுராத்திரியில் வருவார் என்ற யூத மரபைத் தன் மத்தேயு உரையில் குறிப்பிடும் பழங்கால வேத அறிஞர் ஜெரோம், பஸ்கா (உயிர்த்தெழுதல் பண்டிகை) விழிப்பு இரவில் நடுராத்திரிக்கு முன் ஜனங்களை அனுப்பிவிடாத வழக்கத்தை அதனோடு இணைக்கிறார். அப்போஸ்தலர் 16:25-இல் பவுலும் சீலாவும் சிறையில் பாடியதும் நடுராத்திரியில்தான் என்றாலும், அதை வருகையின் அடையாளமாக இழுப்பது அதிகப்படி.

எச்சரிக்கைக்கு 1844-ஐச் சொல்லுங்கள். வகுப்பில் இதைவிட நன்றாகப் பதியும் உதாரணம் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி, தானியேல் 8:14-இன் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கணக்கிட்டு வருகையை எதிர்பார்த்தார். அந்த ஆண்டு வசந்தகாலம் வெறுமையாகக் கடந்தபோது, அவரைப் பின்பற்றியவர்கள் மணவாளன் தாமதிக்கும் காலம் இது என்றார்கள். சாமுவேல் ஸ்னோ என்பவர் இன்னும் நுணுக்கமாகப் போனார்: தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் ஓர் ஆண்டு என்றால் ஓர் இரவு ஆறு மாதம், அந்த ஆறு மாதத்தின் நடுவே எழும் சத்தமே நடுராத்திரிச் சத்தம். ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிட்டரில் நடந்த கூடார முகாமில் அந்தச் செய்தி தீயாய்ப் பரவியது. அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். அந்த நாள் வந்து போயிற்று, மணவாளன் வரவில்லை. வரலாறு அதைப் ‘பெரும் ஏமாற்றம்’ என்றே அழைக்கிறது. 13-ஆம் வசனம் நாளையும் நாழிகையையும் அறியீர்கள் என்று முடிய, அதே உவமையிலிருந்து நாளைக் கணக்கிட்டெடுத்ததுதான் இதில் விசித்திரம்.

நம் சபைகளின் ஆண்டிறுதி ஆராதனையில் இந்தப் பகுதியை எடுப்பவருக்கு ஒரு சொல். அங்கே 12 மணி அடிக்கும், ஜனங்கள் முழங்காலில் நிற்பார்கள், பிறகு வாக்குத்தத்த வசனம் கொடுக்கப்படும். அந்தக் கடிகார நடுராத்திரியும் உவமையின் நடுராத்திரியும் ஒன்றல்ல. முன்னது எல்லாருக்கும் தெரிந்த நேரம், பின்னது ஒருவருக்கும் தெரியாத நேரம். இதைச் செய்தியின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வாசிக்கும்போது 5-ஆம் வசனத்துக்குப் பிறகு சற்று நிறுத்தி, சபை அந்த மௌனத்தில் கொஞ்சம் காத்திருந்த பின்பே 6-ஐத் தொடங்குங்கள்.