நோக நோக உருவினால் உளைவு போகுமா?

மாதக்கணக்கில் மண்வெட்டி பிடிக்காத ஒருவர் சனிக்கிழமை முழுக்கக் குனிந்து நின்று கத்தரிக்குப் பாத்தி கட்டினால், அன்றிரவு பெரிதாக ஒன்றும் தெரியாது. ஞாயிறு விடியத் தொடங்கும் உளைவு திங்களன்று நாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பழக்கமில்லாத வேலையால் தசையில் உண்டாகும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியுமே காரணம். 3 நாள் வரை கூடி, பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் தானே அடங்கும். "அமிலம் தேங்கிப்போச்சு, உருவிக் கலைக்கவேணும்" என்பது பிழை. லக்டிக் அமிலம் வேலை முடிந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்திலேயே போய்விடும்.

எங்கள் பக்கத்தில் பெரிய பிழை, நோக நோக உருவினால்தான் சுகம் என்ற நம்பிக்கை. நோவெண்ணெயும் கையுமாகப் பேரன் பெருவிரலால் ஊன்ற, கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். மறுநாள் அந்த இடம் கண்டிப்போயிருக்கும். ஏற்கெனவே நொந்த தசையை இன்னும் நோகடித்ததுதான் மிச்சம். உள்ளங்கையால், காலென்றால் கீழிருந்து மேலாக, மெதுவாக உருவ வேண்டும். ஓரிடத்துக்கு 5, 10 நிமிடம் தாராளம். உருவும்போது ஊர்க்கதை கதைக்க முடிந்தால் அழுத்தம் சரி. மூச்சைப் பிடிக்கவேண்டி வந்தால் கூடிப்போச்சு. இதனால் நோவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். தசையின் பலம் உடனே திரும்பாது. சுகமாக இருக்குதென்று அடுத்த நாளே செம்மண் கொத்தப் போகவேண்டாம்.

முள்ளந்தண்டின் மேல் நேராக அழுத்தக்கூடாது. சின்னப்பிள்ளையை முதுகில் ஏறி மிதிக்கவிடுவது சுகம்தான், நானும் அனுபவித்தவன். ஆனால் எலும்பு தேய்ந்த வயதில் அது முறிவில் முடியலாம்.

சித்தாலேப போன்ற நோவுத் தைலம் பூசிய கையோடு சுடுதண்ணிப் போத்தலை வைத்தால் தோல் வெந்துபோகும். நீரிழிவால் கால் விறைத்தவருக்குச் சூடு பட்டதே தெரியாது. மிளகாய் ஆய்ந்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் உருவ வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சிலதைத் தொடவே கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது குருதிக்கட்டியாக இருக்கலாம். உருவினால் கட்டி கழன்று நுரையீரலுக்குப் போகக்கூடும். நாரி நோவோடு கால் விறைத்தாலும் பலமிழந்தாலும், சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனாலும், எண்ணெய்ப் போத்தலை மூடிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.