பார்ப்பவருக்கே தெரியாமல் ஒரு நாடகம் போடுவது எப்படி?

மேடை இல்லை, திரை இல்லை. பக்கத்து மேஜையில் நடப்பது நிஜம் என்று நம்பி மக்களே பேச்சில் இறங்கிவிடுவார்கள். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால், சொந்த நாட்டில் இருக்க முடியாமல் போன 1970-களில் வளர்த்த முறை இது. அவர் பெரு நாட்டில் செய்ததை வைத்தே சொல்கிறேன்.

1. முதலில் ஒரு கேள்வி வேண்டும். எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. சிக்லாயோ நகரத்து ஓட்டலில் அது கூலியைப் பற்றியது. நடிகர் ஒருவர் 70 சோல் (சோல் என்பது பெரு நாட்டுப் பணம்) விலையுள்ள இறைச்சியைச் சாப்பிட்டுவிட்டு, "காசு இல்லை, வேலை செய்து கழிக்கிறேன்" என்றார். குப்பை அள்ளினால் என்ன கூலி? சர்வர் தயங்கினார். வேறு மேஜையில் வாடிக்கையாளர் போல இருந்த நடிகர் சொன்னார்: மணிக்கு 7 சோல். பத்து நிமிடத்தில் தின்றதற்குப் பத்து மணி நேர உழைப்பு! தோட்ட வேலை என்றால் 10 சோல், அப்போதும் ஏழு மணி நேரம். ஓட்டல் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. இந்தக் கணக்குதான் நாடகத்தின் உயிர். உங்கள் ஊர்க் கூலியையும் விலையையும் விசாரித்து, சரியான எண்ணோடு போங்கள்.

2. வசனத்தை முழுதாக எழுதுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஒத்திகையில் நண்பர்களைக் குறுக்கே பேசவிடுங்கள்: ஒருவர் கோபப்படட்டும், ஒருவர் "நான் காசு தருகிறேன்" என்று எழுந்து வரட்டும். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும்.

3. நடிகர்கள் தனித்தனியாக வந்து தள்ளித் தள்ளி உட்காரட்டும். குழுவில் ஒருவர் மட்டும் நடிக்காமல் கவனித்துக்கொண்டிருக்கட்டும். நிலைமை கைமீறினால் எல்லோரையும் நிறுத்தச் சொல்வது அவர் வேலை.

4. இதை மட்டும் மீறாதீர்கள். துப்பாக்கி, நெஞ்சுவலி, காணாமல் போன குழந்தை, எதுவும் வேண்டாம். பதறி ஓடுபவருக்கு உண்மையிலேயே அடிபடும். சர்வரைத் திட்டும் வசனமும் கூடாது. அவருக்கு அது அன்றைய பிழைப்பு. பில் தொகையைக் கையில் வைத்திருந்து, கிளம்பும் முன் கட்டிவிடுங்கள்.

5. முடிந்ததும் "நாடகம்தான்" என்று சொல்லாதீர்கள். போவால் இதில் கறாராக இருந்தார். சொன்ன மறுகணம், அதுவரை மனம்விட்டுப் பேசியவர்கள் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள். வந்தது போலவே தனித்தனியாகக் கிளம்புங்கள். அப்புறம் அன்றிரவே கூடி உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்பதை மறப்பதற்குள் எழுதிவைத்துவிடுங்கள்.