வார்டில் மார்க் போடும்போது செய்யக் கூடாத தவறுகள்

மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கும்போது கையை வலது அடிவயிற்றில் தொடங்கி, இடது விலாவை நோக்கி நகர்த்த வேண்டும். விலா ஓரத்திலேயே தொடங்கினால், பெரிதாக வீங்கிய மண்ணீரலின் மேலேயே கை உட்கார்ந்துவிடும், விளிம்பு அகப்படாது. மூன்றாம் ஆண்டு மருத்துவ மாணவர் ஒருவர் அப்படித்தான், விலா ஓரத்தில் தொடங்கித் தொட்டார். ஆனால் கேஸ் பிரசன்ட் செய்தபோது, அதாவது நோயாளியைப் பற்றி ஆசிரியரான என்னிடம் விளக்கியபோது, மண்ணீரலின் அளவைச் சரியாகச் சொன்னார். பிஜி (முதுநிலை மாணவர்) யாரோ காதில் போட்ட அளவு அது! அன்று நான் கட்டில் பக்கத்தில் நின்றதால் தெரிந்தது. அதற்கு முன் பல வருடம் அறையில் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டே மார்க் போட்டிருக்கிறேன்.

இதுதான் பெரிய தவறு: கண்ணால் பார்க்காமல் மதிப்பிடுவது. நேரமில்லை என்போம். முழு கேஸையும் பார்க்க வேண்டியதில்லை, ஒரு பரிசோதனையைப் பத்து நிமிடம் பார்த்தாலே நிறையத் தெரிந்துவிடும்.

அடுத்தது, ஆங்கிலத்துக்கு மார்க் போடுவது. தமிழ்நாட்டில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவப் படிப்புக்கு வருகிறார்கள். அவர்களில் ஒரு பெண், மூச்சுத் திணறலோடு வந்த பாட்டியிடம் "எத்தனை தலையணை வச்சுப் படுக்குறீங்க பாட்டி?" என்று கேட்டாள். இதயம் பலவீனமானவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. அப்புறம் பிரசன்ட் செய்யும்போது ஆங்கிலம் தடுமாறியது, மார்க் குறைந்தது. ஒரு குணத்தை வைத்து மற்றதையெல்லாம் எடைபோடும் இந்தப் பழக்கத்தை எட்வர்ட் தார்ண்டைக் 1920-லேயே ராணுவ அதிகாரிகளை வைத்துக் காட்டியிருக்கிறார். நோயாளியிடம் பேசியதற்கு ஒரு மார்க், பரிசோதனைக்கு ஒன்று, நோயைக் கணித்ததற்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போடுங்கள்.

ஒரே கேஸை வைத்து முடிவு கட்டுவதும் வேண்டாம். ஒருவருக்கு வாய் திறந்து பேசும் நோயாளி கிடைப்பார், இன்னொருவருக்குக் களைத்துத் தூங்குபவர். மாணவர்கள் ஒவ்வொருவராகச் சுற்றி வரும் ஒரே தேர்வு நிலையங்கள், எல்லோருக்கும் ஒரே சரிபார்ப்புப் பட்டியல் என்று ரொனால்ட் ஹார்டன் 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ஆஸ்கி (OSCE) என்ற செய்முறைத் தேர்வைக் கொண்டுவந்தது இந்த அதிர்ஷ்டக் கணக்கைக் குறைக்கத்தான்.

போஸ்டிங் (வார்டுப் பயிற்சிக் காலம்) கடைசி நாளில் மாணவர்களின் லாக்புக்குகளை (பயிற்சிப் பதிவேடுகளை) அடுக்கி வைத்து எல்லோருக்கும் பத்துக்கு ஏழு போடாதீர்கள். தவறு அன்றைக்கே தெரிந்தால்தான் திருத்த முடியும். அந்த மாணவரின் கையைப் பிடித்து வலது அடிவயிற்றில் வைத்துக் காட்டினேன். அடுத்த வாரம் வேறொரு நோயாளியிடம் விளிம்பைத் தானே கண்டுபிடித்தார். இரண்டு நாளையும் தேதியோடு லாக்புக்கில் எழுதினேன்.